விறைப்பில் பட்ட அடி பெய்ரோனி வளைவாக மாறுவது எப்படி?

கேள்வியின் சாரம் இது. வயது 48. ஐந்து மாதத்துக்கு முன்பு உடலுறவின்போது ஆண்குறி நழுவி மனைவியின் இடுப்பெலும்பில் மோதி மடங்கியது. சுருக்கென்று வலி. பெரிய வீக்கமோ கன்றலோ இல்லை, இரண்டு நாளில் மறந்தும் போயிற்று. இப்போது விறைக்கும்போது உறுப்பு மேல்நோக்கி வளைகிறது, வலிக்கிறது. மேல்பக்கம் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தடிப்பு கைக்குத் தட்டுப்படுகிறது. அன்று பட்ட அடிதான் காரணமா? அவ்வளவு சின்ன அடி இவ்வளவு தூரம் கொண்டுவந்து விடுமா?

நீங்கள் சொல்லும் வலி, தடிப்பு, புதிதாக வந்த வளைவு மூன்றும், ஆண்குறியின் உறையில் தழும்புபோலத் தடித்து உறுப்பு வளைந்துபோகும் பெய்ரோனி நோயின் அச்சு அசலான அடையாளங்கள். அந்த அடி இதைத் தொடக்கி வைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இதே மாதிரி அடிபட்ட பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. உங்களுக்கு இதை நோயாக்கியது, அந்தக் காயம் ஆறிய விதம். அது எந்த இடத்தில் தடம் மாறியது என்று புரிந்தால், எந்தச் சிகிச்சை வேலை செய்யும், எது வீண்செலவு என்பதும் கூடவே புரிந்துவிடும்.

முதலில் உறுப்பின் கட்டுமானம். உள்ளே மூன்று உருளைகள். மேலே பக்கம் பக்கமாக இரண்டு. ரத்தம் நிரம்பி விறைப்பவை இவைதான். கீழே நடுவில் ஒன்று. சிறுநீர்க்குழாய் அதன் வழியே ஓடுகிறது. மேலிரண்டு உருளைகளையும் ட்யூனிகா அல்புஜினியா என்ற வெள்ளை உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. தளர்ந்த நிலையில் அதன் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். விறைக்கும்போது இழுபட்டு கால் முதல் அரை மில்லிமீட்டராகிவிடும். முழு விறைப்பில் இடுப்படித் தசைகள் இறுகும்போது உள்ளே ஏறும் அழுத்தம் கையில் அளக்கும் மேல் ரத்த அழுத்தத்தையும் தாண்டும். அதைத் தாங்குவது அந்த அரை மில்லிமீட்டர்தான்.

இந்த உறைக்கு இரண்டு அடுக்கு. உள்ளடுக்கின் நார்கள் வளையம்போல் குறுக்கே ஓடுகின்றன, வெளியடுக்கின் நார்கள் நீளவாக்கில். இரண்டு உருளைக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. குறுக்காக வெட்டிப் பார்த்தால் ரயில் தண்டவாளத்தின் வெட்டுமுகம் மாதிரி இருக்கும்: மேலும் கீழும் உறை, நடுவில் நிற்கும் சுவர். அந்தச் சுவரின் நார்கள் மேலே போய் விசிறிபோல விரிந்து உள்ளடுக்கோடு பின்னிக்கொள்கின்றன. உங்கள் தடிப்பு இருப்பது அந்தப் பின்னலில்தான். பெய்ரோனி தடிப்புகளில் பெரும்பாலானவை அங்கேதான் வருகின்றன. காரணம், உறுப்பு மேலும் கீழுமாக மடங்கும்போது இழுவிசை அதிகம் விழுவது மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும். ஒரு மூங்கில் பிளாச்சை வளைத்தால் நடுவில் ஒன்றும் ஆகாது, வெளிவிளிம்பில்தான் சிம்பு எழும்பும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த சார்லஸ் டெவைனும் சகாக்களும் 1997-ல் முன்வைத்த விளக்கம் இதுதான். மடங்கும்போது, சுவர் பின்னியிருக்கும் இடத்தில் நார்கள் அறுந்து, இரண்டு அடுக்கும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. நனைந்த ஒட்டுப்பலகையின் ஓரம் இரண்டாகப் பிளப்பதுபோல. அந்த இடுக்கில் சில துளி ரத்தம் கசிகிறது. அவ்வளவுதான் காயம். வெளியே கன்றாது, வீங்காது. 'சின்ன அடிதானே' என்று தோன்றுவது இதனால்தான்.

முழு விறைப்பில் இருக்கும் உறுப்பு எளிதில் மடங்காது. மடங்கும் அளவுக்கு விசை பட்டால் கிழியும். பாதி விறைப்பில் இருப்பது மடங்கும். மடங்கிய இடத்தில் அடுக்கு பிரியும். ஐம்பதை ஒட்டிய வயதில் இந்த நோய் அதிகம் தலைகாட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த வயதில் உறையின் மீள்தன்மை குறைகிறது, விறைப்பின் உறுதியும் கொஞ்சம் தளர்கிறது, உடலுறவு மட்டும் பழைய வேகத்திலேயே தொடர்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் இவற்றில் முதல் இரண்டும் சில வருடம் முன்னதாகவே வந்துவிடும்.

இந்த விளக்கத்துக்கு ஒரு நல்ல எதிர்க்கேள்வி உண்டு. சின்ன அடியே தடிப்பை உண்டாக்கும் என்றால், பெரிய அடிபட்டவர்கள் எல்லோருக்கும் அது வரவேண்டுமே? மேற்கு ஈரானின் கெர்மான்ஷா பகுதியில் 'தகாந்தன்' என்றொரு பழக்கம் இருக்கிறது. விறைப்பை அடக்குவதற்காக, அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேல்பாதியைச் சடக்கென்று மடக்குவது, விரலில் சொடக்கு எடுப்பதுபோல. அதனால் அங்கே ஆண்குறி முறிவு, அதாவது உறை முழுக்கக் கிழிவது, மற்ற ஊர்களைவிட மிக அதிகம். முறிவுக்குத் தையல் போடப்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த அங்குள்ள மருத்துவர் 2004-ல் எழுதியது, 'அடிதான் பெய்ரோனிக்குக் காரணம்' என்ற கருத்துக்கு இவர்களிடம் ஆதரவு கிடைக்கவில்லை என்பதுதான்.

முரண்போலத் தெரிகிறது. கட்டுமானத்தைத் திரும்பிப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். வெளியடுக்கு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இல்லை. கீழ்ப்பக்கம், சிறுநீர்க்குழாயை ஒட்டிய இடத்தில், அது மெலிந்து ஏறத்தாழ இல்லாமலே போகிறது. ஒற்றை அடுக்கு மட்டும் உள்ள இடத்தில் அடுக்கு பிரிய வழியில்லை. விசை மிஞ்சினால் மொத்தமாகக் கிழியத்தான் முடியும். முறிவுகள் பெரும்பாலும் கீழ்ப்பக்கவாட்டில் நிகழ்வது அதனால்தான். அங்கே ரத்தம் வெளியே பாய்கிறது, மருத்துவர் அதை வழித்தெடுத்துவிட்டு உறையைத் தைக்கிறார், ஓரங்கள் நேருக்கு நேர் சேர்ந்து ஆறுகின்றன. மேல்பக்கம் ஏற்படும் பிரிவில் ரத்தம் இரண்டு அடுக்குக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. அதை எடுக்க யாரும் இல்லை, எடுக்க வேண்டும் என்பதே யாருக்கும் தெரிவதில்லை. மீதிப் பாதி விடை ஆளுக்கு ஆள் மாறும் உடல்வாகு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாட்டிக்கொண்ட ரத்தம் என்ன செய்கிறது என்பதுதான் கதையின் மையம். ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரத வலை பின்னப்படும். சாதாரணக் காயத்தில் இது சாரம் கட்டுவது மாதிரி. பழுது பார்க்கும் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும், வேலை முடியும் தறுவாயில் பிளாஸ்மின் என்ற நொதி சாரத்தைக் கரைத்துவிடும். இந்த வெள்ளை உறையில் ரத்தக்குழாய்கள் மிகக் குறைவு. கரைக்கும் நொதியும் துப்புரவு செய்யும் வெள்ளணுக்களும் போதுமான அளவு அங்கே போய்ச் சேருவதில்லை. ஃபைப்ரின் அப்படியே தங்கிவிடுகிறது. பெய்ரோனி தடிப்புகளை வெட்டிச் சோதித்தபோது அவற்றில் ஃபைப்ரின் படிந்திருப்பது தெரிந்தது; நோயில்லாதவர்களின் உறையில் அது இல்லை.

தங்கிவிட்ட ஃபைப்ரின் சும்மா கிடப்பதில்லை. அது செல்களை இழுக்கிறது. அந்தச் செல்கள் டி.ஜி.எஃப்-பீட்டா 1 என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளியிடுகின்றன. இந்தப் புரதம் மூன்று வேலை செய்யும். நார்செல்களை மேலும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை நெய்ய வைக்கும். அவற்றில் ஒரு பகுதியை மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற சுருங்கி இழுக்கும் செல்லாக மாற்றும். கூடவே, பிளாஸ்மின் உருவாவதைத் தடுக்கும் பி.ஏ.ஐ-1 என்ற பொருளையும் கூட்டிவிடும். அதாவது சாரத்தைப் பிரிக்க வேண்டிய ஆளையே வாசலில் நிறுத்திவிடும். போதாக்குறைக்கு, இந்தப் புரதம் தன்னையே மேலும் சுரக்கவைக்கும் குணமுடையது. எலிகளின் உறையில் இதை ஊசியாகப் போட்டு, பெய்ரோனியை ஒத்த தடிப்பைச் செயற்கையாகவே உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

நல்லபடியாக ஆறும் காயத்தில் இந்தச் சுருக்கிச் செல்கள் வேலை முடிந்ததும் தாமாக மடிந்துவிடும். இங்கே மடிவதில்லை. மாதக்கணக்கில் இருந்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. கொலாஜன் நார்கள் வரிசை இல்லாமல் சிக்குப் பிடித்த தலைமுடிபோலக் குவிகின்றன, மீள்தன்மை தரும் எலாஸ்டின் நார்கள் துண்டு துண்டாகின்றன. சிலருக்கு அதன்மேல் கால்சியமும் படிந்து தடிப்பு கல்போலக் கெட்டியாகிவிடும்.

வளைவு எப்படி வருகிறது என்பது இனி எளிது. சைக்கிள் ட்யூபில் ஒரு பக்கம் பெரிய பஞ்சர் ஒட்டு இருந்தால், காற்றடிக்கும்போது ட்யூப் அந்தப் பக்கம் கோணிக்கொள்ளும். ஒட்டு நீளாது, எதிர்ப்பக்கம் நீளும். அதேதான் இங்கேயும். தடிப்பு மேலே என்றால் உறுப்பு மேல்நோக்கி வளையும், பக்கத்தில் என்றால் அந்தப் பக்கம் திரும்பும். தடிப்பு வளையம்போலச் சுற்றிவிட்டால் அந்த இடம் மட்டும் உடுக்கையின் நடுபோல ஒடுங்கி, மேலே உள்ள பகுதி ஆட்டம் காணும். நீளம் குறைவதும் இந்த நோயின் பகுதிதான். வளைவைப் பற்றியே பேசி இதை விட்டுவிடுகிறார்கள். விறைப்புக் குறைவும் கணிசமானவர்களுக்குக் கூடவே வருகிறது. அது இந்த நோயால் வந்ததா, முன்பே இருந்து மடங்குவதற்கு இடம் கொடுத்ததா என்று பிரித்துச் சொல்வது பல பேரிடம் கடினம்.

இனி உடல்வாகு. அடிபட்டவர்களில் யாருக்கு இப்படித் தடம் மாறும்? உள்ளங்கையில் நாண்போலத் தடித்து விரலை மடக்கிவிடும் டுப்யூட்ரன் என்ற கோளாறு பெய்ரோனி உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காணப்படுகிறது. பாதத்தின் அடியில் அதேபோல வரும் தடிப்பும் சிலருக்கு உண்டு. காயம் ஆறும் இயந்திரம் நிற்கத் தெரியாமல் ஓடும் பரம்பரைப் போக்கு இது. உங்கள் உள்ளங்கையை ஒருமுறை விரித்துப் பாருங்கள், அப்பாவின் கையையும் நினைவுபடுத்திப் பாருங்கள். சர்க்கரை, புகை, உயர் ரத்த அழுத்தம் ஆகியவையும் பெய்ரோனி உள்ளவர்களிடம் அடிக்கடி தென்படுபவை. இத்தனைக்கும், நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் குறிப்பிட்ட ஓர் அடி நினைவிலேயே இருப்பதில்லை. தங்களுக்கே தெரியாத சின்னச் சின்ன மடங்கல்கள் வருடக்கணக்கில் சேர்ந்திருக்கலாம். ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிகிற நீங்கள் சிறுபான்மை.

அடி என்றால் உடலுறவு மட்டும் இல்லை. சிறுநீர்க்குழாய் வழியே கருவி செலுத்தும் சோதனைகள், விறைப்புக்காக உறுப்பில் ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொள்ளும் ஊசிகள், அளவு மீறி இயக்கிய வெற்றிடப் பம்பு, 'நீளமாக்கும் பயிற்சி' என்று இணையத்தில் சொல்லித்தரும் முரட்டு இழுப்புகள் எல்லாமே உறையைக் காயப்படுத்தக்கூடியவை. புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுதாக எடுத்த ஆண்களைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுக்குள் சுமார் 16 சதவீதம் பேருக்குப் பெய்ரோனி வந்தது. பொதுவான ஆண்களிடம் ஜெர்மனியின் கொலோன் நகரில் எடுத்த கணக்கெடுப்பில் அது 3.2 சதவீதம்தான். உடலுறவில் அதிகம் குற்றம் சாட்டப்படுவது பெண் மேலிருக்கும் நிலை; நழுவினால் முழு உடல் எடையும் மடங்கும் இடத்தில் இறங்குகிறது.

நம் ஊரில் இதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் கைப்பழக்கம். ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்கள் 'சிறுவயதுப் பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி, அதனால் கோணல்' என்று பல்லாயிரம் ரூபாய்க்கு லேகியம் விற்கிறார்கள். சாதாரண சுயஇன்பம் இந்த நோயைத் தருவதில்லை. இதில் நரம்புக்கும் வேலையில்லை, கோளாறு உறையில். தொற்றும் இல்லை, புற்றுநோயும் இல்லை. பருவ வயது முதலே, தடிப்போ வலியோ இல்லாமல், பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும் வளைவு பிறவி அமைப்பு, பெய்ரோனியே அல்ல.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அடி இன்று நேற்றுப் பட்டிருந்தால், அவர்களுக்கு ஒன்று. 'டப்' என்ற சத்தம், அந்த நொடியே விறைப்பு தளர்வது, வேகமாக ஏறும் வீக்கம், தோல் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறுவது இவை முறிவின் அடையாளங்கள். சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் வந்தால் குழாயும் கிழிந்திருக்கலாம். அவசரப் பிரிவுக்கு அப்போதே போக வேண்டும். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் தைத்துவிடுவது நல்லது. வெட்கப்பட்டு வீட்டிலேயே கிடந்து ஆறவிட்டால் வளைவும் விறைப்புக் குறைவும் நிரந்தரமாகத் தங்கிவிட வாய்ப்பு அதிகம். எண்ணெய் போட்டு நீவுவது காயத்தின்மேல் காயம்.

முறிவு இல்லாத, மடங்கிச் சுருக்கென்ற அடியாக இருந்தால், அன்றே உறவை நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய ஐஸை 10-15 நிமிடம், நாளைக்கு நாலைந்து முறை வைக்கலாம். வலிக்கு இபுப்ரோஃபென் வகை மாத்திரை, வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்கு. தூக்கத்திலும் விடியற்காலையிலும் தானாக வரும் விறைப்பின்போது துளியும் வலி இல்லை என்று ஆகும்வரை உறவு வேண்டாம். அதற்குச் சில வாரம் பிடிக்கலாம். இவையெல்லாம் பெய்ரோனி வராமல் தடுத்துவிடும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. ஆறாத பிளவின்மேல் மறுபடி மடங்கினால் அது இன்னொரு கசிவு, இன்னொரு சுற்று. அதைத் தவிர்ப்பதுதான் நோக்கம்.

உங்கள் நிலைக்கு வருவோம். ஐந்தாவது மாதம், விறைப்பில் வலி, வளைவு இன்னும் மாறிக்கொண்டிருக்கக்கூடும். இது நோயின் முதல் கட்டம். மேலே சொன்ன இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பொதுவாக 6 முதல் 18 மாதம் நீடிக்கும். பிறகு வலி அடங்கி, வளைவு ஒரு நிலையில் நிற்கும். அடங்கிவிட்டதா என்பதற்கு அளவுகோல், வளைவு குறைந்தது 3 மாதமாவது, முடிந்தால் 6 மாதம், மாறாமல் இருப்பது. சிகிச்சை எதுவும் எடுக்காத 246 பேரை ஒரு வருடத்துக்கு மேல் கவனித்த ஆய்வு 2006-ல் வந்தது. வளைவு தானாகக் குறைந்தவர்கள் 12 சதவீதம், அப்படியே இருந்தவர்கள் 40, கூடியவர்கள் 48. வலி மட்டும் ஏறத்தாழ எல்லோருக்கும் தணிந்தது. எனவே 'தானாகச் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால், வலியைப் பொறுத்தவரை அது சரி, வளைவைப் பொறுத்தவரை இல்லை.

யூராலஜிஸ்டைப் பார்க்கும் முன் ஒரு வேலை. விறைத்த நிலையில் நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று என மூன்று படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். மாதம் ஒருமுறை அதே கோணத்தில் எடுங்கள். வளைவு கூடுகிறதா, நின்றுவிட்டதா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. கண்மதிப்பில் 30 டிகிரியை 50 என்றும் 50-ஐ 30 என்றும் சொல்வது எல்லோரும் செய்கிற பிழை. சிகிச்சை முடிவு எடுக்க வேண்டிய கட்டத்தில் மருத்துவர் உறுப்பில் ஊசிபோட்டு விறைப்பு வரவழைத்து, கோணமானியால் அளந்து, டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டத்தையும் கால்சியம் படிவையும் பார்ப்பார். அந்த ஊசிக்குப் பின் விறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் தணியாவிட்டால் உடனே திரும்பிப் போய்விட வேண்டும். காத்திருந்தால் உள்ளிருக்கும் திசு கெடும். தளர்ந்த நிலையில் மொட்டைப் பிடித்து முழுதாக இழுத்து நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பின்னாளில் 'அறுவை சிகிச்சையால்தான் குறைந்தது' என்ற தகராறு வராது. சர்க்கரை பார்த்து நாளாகியிருந்தால் எச்பிஏ1சி சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைட்டமின் ஈ, டாமாக்ஸிஃபென், ஒமேகா-3, கார்னிடின் கலவை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க யூராலஜி சங்கம் 2015 வழிகாட்டியில் எழுதியாயிற்று. நம் மருந்துச் சீட்டுகளில் வைட்டமின் ஈ இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதிர்வலைச் சிகிச்சை வலியைக் குறைக்கலாம், வளைவை நிமிர்த்தாது. இத்தனை மாதம் தங்கிச் சிக்குப் பிடித்த கொலாஜனை ஒரு மாத்திரை கரைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதே கொஞ்சம் அதிகம். விறைப்பு தளர்வாக இருந்தால் டடாலஃபில் வகை மருந்து அதற்காகப் பயன்படும். உறுதியான விறைப்பு மறுபடி மடங்குவதையும் குறைக்கும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடக்கூடாது.

தடிப்புக்குள் நேரடியாகப் போடும் ஊசிகளில் வலுவான சான்று இருப்பது கொலாஜினேஸ். கொலாஜனையே வெட்டும் நொதி இது. அமெரிக்காவில் 2013 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. தடிப்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், வளைவு குறைந்தது 30 டிகிரி இருக்க வேண்டும். ஒரு ஊசிக்கு 0.58 மில்லிகிராம். ஒன்று முதல் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு ஊசி ஒரு சுற்று. சுற்றுக்குச் சுற்று ஆறு வாரம். அதிகபட்சம் நான்கு சுற்று. பெரிய சோதனைகளில் வளைவு சராசரியாக 34 சதவீதம் குறைந்தது, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி ஊசி போடப்பட்டவர்களுக்கு 18. அதாவது 50 டிகிரி ஏறத்தாழ 33 ஆனது. நேராகிவிடும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். உறவு சாத்தியமில்லாத வளைவைச் சாத்தியமாக்குவதே இதன் பலம். நொதி உறையையும் பலவீனப்படுத்தும் என்பதால், சொல்லப்பட்ட வாரங்கள் முடியுமுன் உறவு கொண்டு உறை கிழிந்தவர்கள் உண்டு. வெராபமில், இன்டர்ஃபெரான் ஊசிகளும் பயன்பாட்டில் உள்ளன. இன்டர்ஃபெரானுக்குச் சான்று பரவாயில்லை, போட்ட நாளில் காய்ச்சல் உடம்புவலி வரும். வெராபமிலுக்குச் சான்று மெலிது.

முதல் கட்டத்தில் இருக்கும் உங்களுக்கு மருத்துவரிடம் கேட்க வேண்டியது இழுவைக் கருவி. சுருக்கிச் செல்கள் இழுக்கும் திசைக்கு எதிராக, மெதுவாக, தினமும் இழுத்துப் பிடிப்பது இதன் தத்துவம். தீப்புண் தழும்பு சுருங்காமல் இருக்கக் கையை நீட்டிக் கட்டிவைப்பதன் உறவுக்கார வைத்தியம். பழைய கருவிகளை ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். பலர் நடுவில் விட்டுவிடுவார்கள். தினம் 30 முதல் 90 நிமிடம் போதும் என்ற கருவியை மேயோ கிளினிக்கில் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் சராசரி 1.5 சென்டிமீட்டர் நீளமும், சுமார் 12 டிகிரி நிமிர்வும் கிடைத்தன. ஆன்லைனில் கிடைக்கும் மலிவுப் போலிகளில் மொட்டைப் பிடிக்கும் வளையம்தான் பிரச்சினை. நிறம் மாறினாலோ மரத்துப்போனாலோ அந்த நொடியே கழற்ற வேண்டும். முரட்டுத்தனமாக இழுத்தால் புதுக் காயம், மறுபடி முதலிலிருந்து.

அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம். நோய் தொடங்கி ஒரு வருடமாவது ஆகி, வளைவு 3 முதல் 6 மாதம் அசையாமல் நின்ற பிறகுதான். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் கைவைத்தால், தைத்த பிறகும் வளைவு திரும்பும். வளைவு 60 டிகிரிக்குள், ஒடுக்கம் இல்லை, விறைப்பு நன்றாக இருக்கிறது என்றால், எதிர்ப்பக்கத்தை மடித்துத் தைத்து இரண்டு பக்கத்தையும் சமமாக்குவார்கள். ஒரு கையை மட்டும் கட்டையாகத் தைத்துவிட்ட சட்டையில் மற்ற நீளக் கையை மடித்துச் சமன்செய்வது மாதிரி. நீளம் கொஞ்சம் போகும், சிலருக்குத் தையல் முடிச்சு தோலுக்கடியில் தட்டுப்படும். வளைவு அதற்குமேல் என்றாலோ நடுவில் ஒடுங்கியிருந்தாலோ, தடிப்பை வெட்டித் திறந்து ஒட்டு வைப்பார்கள். நீளம் காப்பாற்றப்படும், ஆனால் விறைப்புக் குறைவும் மொட்டில் மரமரப்பும் வரும் ஆபத்து கூடுதல். தடிப்பின்மேல் ஓடும் நரம்புகளைத் தூக்கித்தான் அங்கே போக முடியும். மருந்துக்கும் கட்டுப்படாத விறைப்புக் குறைவு சேர்ந்திருந்தால் உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவிதான் வழி; அதைப் பொருத்தும்போதே உறுப்பை வளைத்து நிமிர்த்தி விடுவார்கள்.

அதுவரை உறவை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை, வலி அனுமதிக்கும் அளவுக்கு. மனைவி மேலிருக்கும் நிலை வேண்டாம். பக்கவாட்டில் படுத்த நிலை பாதுகாப்பு. மசகு ஜெல் தாராளமாக. விறைப்பு பாதியில் தளர்ந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும், அழுத்தி உள்ளே செலுத்த முயன்றால் மறுபடி மடங்கும். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அன்று நடந்ததற்குத் தான்தான் காரணமோ என்று அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கலாம். இந்த நோய் உள்ள ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். தூக்கம் கெட்டு, வேலையில் மனம் ஓடாமல் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே முதல் மூன்று படத்தை எடுத்துவிடுங்கள். ஆறாம் மாதத்துப் படத்தோடு ஒப்பிட ஐந்தாம் மாதத்துப் படம் கையில் இருக்க வேண்டும்.